ஆப்பிரிக்கா சுற்றிவிட்டு வீடு திரும்பியவர்களுக்கு: முதல் மூன்று மாதம்

போவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த ஊசி போட வேண்டும், எந்த எல்லையில் விசா கிடைக்கும், எவ்வளவு டாலரை நோட்டாக எடுத்துப் போக வேண்டும் என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள். திரும்பி வந்த பிறகு என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் கிடையாது. 2023 மார்ச்சில் அடிஸ் அபாபாவில் தொடங்கி கென்யா, உகாண்டா, ருவாண்டா, தான்சானியா, மலாவி என்று பெரும்பாலும் பஸ்ஸிலேயே அலைந்து, ஏழு மாதம் கழித்து ஜாம்பியாவின் லுசாக்காவில் விமானம் ஏறினேன். அந்த ஏழு மாதத்தில் பட்ட பாட்டைவிட வீட்டுக்கு வந்த மூன்று மாதத்தில் பட்டதுதான் அதிகம், அதில் பாதியை நானே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அதனால் என் முதல் யோசனை இது: விமானம் தரையிறங்கிய தேதியைப் பயணத்தின் கடைசி நாளாக எழுதாதீர்கள். அதிலிருந்து மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் என்பது வாய்க்கு வந்த கணக்கு இல்லை, கொசுவும் நத்தையும் வைத்த கணக்கு. ஏன் என்று கீழே வருகிறது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம்

கையில் மிஞ்சிய பணத்தை அங்கேயே மாற்றிவிடுங்கள். மலாவி குவாச்சா, எத்தியோப்பிய பிர் போன்றவற்றை அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் மாற்றித் தர ஆள் தேட வேண்டியிருக்கும். மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் போனவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சிஎஃப்ஏ பிராங்க் என்ற பெயரில் இரண்டு நாணயங்கள் உண்டு, செனகல், ஐவரி கோஸ்ட் பக்கம் ஒன்று, கேமரூன், காபோன் பக்கம் இன்னொன்று. இரண்டும் யூரோவுக்கு 655.957 என்ற ஒரே மதிப்பில் கட்டப்பட்டவைதான், ஆனாலும் ஒன்றின் நோட்டை மற்றதன் ஊரில் கடைக்காரர் வாங்க மாட்டார்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பையில் போடாதீர்கள். அந்த நோய் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களிடம் பல நாடுகள் இதைக் கேட்கின்றன, காட்ட முடியாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கவும் முடியும். பழைய அட்டையில் பத்து வருடம்தான் செல்லும் என்று போட்டிருந்தால் பதற வேண்டாம், 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும். ஊசியே போடாதவர்கள் கடைசி நாளில் ஓடிப் போய்ப் போட்டுக்கொள்வதில் பயனில்லை, போட்டு பத்து நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லுபடியாகும்.

சொந்த வண்டியில் போனவர்கள், வண்டியைச் சுங்கவரி கட்டாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோக உதவும் கார்னே புத்தகத்தின் கடைசி வெளியேற்ற முத்திரையைச் சரிபார்க்காமல் எல்லையைத் தாண்ட வேண்டாம். அந்த ஒரு முத்திரை இல்லாவிட்டால் கட்டிய வைப்புத் தொகையைத் திரும்ப வாங்கப் பெரும்பாடு படுவீர்கள்.

வாங்கிய பொருட்கள் விஷயத்தில் தந்தம், ஆமையோடு, பவளம் மூன்றையும் தொடவே வேண்டாம். மரச் சிற்பத்தைத் தட்டிப் பாருங்கள், மாவு மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது, அது உங்கள் வீட்டு நாற்காலியையும் தின்னும். ஆட்டுத்தோல் கட்டிய மேளத்தை நினைவுப் பொருளாக வாங்குபவர்கள் நிறைய. பதப்படுத்தாத தோலிலிருந்து ஆந்த்ராக்ஸ் தொற்றிய சம்பவங்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உண்மையாகவே நடந்திருக்கின்றன. செருப்பு, ஷூ, கூடாரத்தின் அடிப்பகுதி எல்லாவற்றையும் மண் போகக் கழுவிவிட்டுக் கட்டுங்கள், சில நாடுகளின் விமான நிலையத்தில் காய்ந்த சேற்றுக்கே உங்களை ஓரமாக நிறுத்திவிடுவார்கள்.

உடம்பு: காய்ச்சல் வந்தால் முதல் வாக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், பரிசோதித்து இல்லை என்று நிரூபிக்கும் வரை அது மலேரியா என்றே வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் "இத்தனை நாள் முன்புதான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன், இந்த இந்த நாடுகளில் இருந்தேன்" என்பதுதான். தலைவலி, உடம்பு வலி எல்லாம் அப்புறம்.

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேரியா வராமல் தடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஏழு மாதமும் ஒரு நாள் விடாமல் போட்டவன், வீட்டுக்கு வந்ததும் "இங்கே அந்தக் கொசு இல்லையே" என்று நிறுத்திவிட்டேன். பதினேழாம் நாள் குளிர்க் காய்ச்சல். போன ஆஸ்பத்திரியில் ஊர் சுற்றிய கதையைச் சரியாகச் சொல்லவில்லை, வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் நானே கேட்டு எடுத்த ரத்த ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் மறுநாள் எடுத்ததில் தெரிந்தது, ஃபால்சிபாரம், அதாவது மலேரியாவில் ஆளைக் கொல்லும் ரகம். மூன்று நாள் மாத்திரையில் சரியானது, என் அதிர்ஷ்டம். சிகிச்சை இல்லாவிட்டால் இது 24 மணி நேரத்திலேயே ஆபத்தான நிலைக்குப் போகக்கூடியது.

மாத்திரையை ஏன் தொடர வேண்டும்? கொசு கடித்ததும் கிருமி நேராக ஈரலுக்குப் போய் ஒரு வாரமோ அதற்கு மேலோ அங்கே பெருகிவிட்டு அப்புறம்தான் ரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் ரத்தத்தில் காத்திருந்து பிடிக்கிற காவலாளிகள், அதனால் மலேரியாப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் வேலை பார்க்க வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரை ஈரலிலேயே அடிக்கும், அதற்கு ஏழு நாள் போதும். ஃபால்சிபாரம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தலைகாட்டிவிடும், மூன்று மாதக் கணக்கில் பாதி இதிலிருந்து வந்தது. விவாக்ஸ், ஓவேல் என்ற இரண்டு ரகங்கள் ஈரலில் பல மாதம் தூங்கிவிட்டு எழும், ஆகவே ஒரு வருடம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் அந்த முதல் வாக்கியத்தை விடாதீர்கள். முதல் ஸ்லைடில் இல்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாமல்.

மீதிப் பாதிக் கணக்கு நத்தையுடையது. மலாவி ஏரியில், விக்டோரியா ஏரியில், எந்த நன்னீரிலாவது குளித்திருந்தால் பில்ஹார்சியா என்ற புழு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிவரும் நுண்ணிய புழு தோலைத் துளைத்து உள்ளே போகும், போவது தெரியவே தெரியாது. மலாவி ஏரிக்கரையில் உள்ள கேப் மக்ளியரில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், குளிக்காதே என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்கவில்லை. வந்த மறுநாளே ஓடிப் போய் ரத்தம் கொடுப்பதில் அர்த்தமில்லை, கடைசியாகத் தண்ணீரில் இறங்கியதிலிருந்து குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் போனால்தான் பரிசோதனையில் தெரியும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இன்னும் நிச்சயம். மாத்திரையும் அப்படித்தான். பிராசிகுவான்டல் வளர்ந்த புழுவைக் கொல்லும், குஞ்சை விட்டுவிடும், ஆகவே அவசரப்பட்டு விழுங்கினால் வீண். நடுவில் காய்ச்சல், தோல் தடிப்பு, இருமல் சேர்ந்து வந்தாலோ சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொப்புளம் ஒன்று வந்து அதன் நடுவில் சிறு துளை இருந்து, உள்ளே ஏதோ நெளிகிற மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள், அது பிரமை இல்லை, நிஜமாகவே நெளிகிறது. ஈரத் துணியில் டும்பு ஈ முட்டை வைக்கும், இஸ்திரி போடாமல் உடுத்தினால் புழு தோலுக்குள் போகும். வாசலைன் கனமாகப் பூசி மூச்சடைத்தால் வெளியே எட்டிப் பார்க்கும், மிச்சத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். உண்ணி கடித்த இடம் கருகிப் போய்க் காய்ச்சலும் வந்தால் அதையும் காட்டுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் வயிறு சரியில்லை என்றால் கடையில் நீங்களே மருந்து வாங்காமல் மலப் பரிசோதனைக்குக் கொடுங்கள், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். நாயோ குரங்கோ வௌவாலோ பிறாண்டி, அங்கே ரேபிஸ் ஊசி போடாமல் வந்துவிட்டிருந்தால், பல வாரம் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள், இன்றைக்கே போங்கள். ரத்த தானம் செய்பவர்கள் மலேரியாப் பகுதியில் இருந்ததைச் சொல்லிவிடுங்கள், சில மாதம் தள்ளிப் போடச் சொல்வார்கள்.

இன்னொன்று, உடம்புக்கும் மனசுக்கும் நடுவில் நிற்கும் விஷயம். மெஃப்ளோகுயின் போட்டவர்களில் சிலருக்குக் கெட்ட கனவு, படபடப்பு, இனம்புரியாத பயம், மனச்சோர்வு வரும், மாத்திரையை நிறுத்திய பிறகும் நீடிக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-இல் இதற்காகவே கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. ஊர் திரும்பிய ஏக்கம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம், டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

"ஆப்பிரிக்கா எப்படி இருந்தது?"

இந்தக் கேள்வியை முதல் வாரத்தில் முப்பது பேர் கேட்பார்கள். 54 நாடுகள், மூன்று கோடி சதுர கிலோமீட்டர், ஒரே கேள்வி. நான் முதலில் ஒவ்வொருவருக்கும் எத்தியோப்பியா-கென்யா எல்லையில் உள்ள மோயாலேயிலிருந்து ஆரம்பித்தேன். வழியில் வரும் மார்சபிட் ஊரை எட்டுவதற்குள் எதிரில் இருப்பவரின் கண் போனுக்குப் போய்விடும். எனக்குக் கோபம் வரும். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை என்று புரிய ஒரு மாதம் ஆனது, அவர்கள் கேட்டது நலம் விசாரிப்புதான், கதை கேட்க வரவில்லை.

ஆகவே பதிலை மூன்று அளவில் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடப் பதிலில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு இடம் இருந்தால் போதும். "தான்சானியாவின் ம்பேயாவில் ரயில் வர பதினோரு மணி நேரம் காத்திருந்தேன், பக்கத்தில் இருந்த அம்மா தன் சாப்பாட்டில் பாதியை எனக்குப் பிரித்துக் கொடுத்தார்" என்பது போல. "பிரமாதமாக இருந்தது" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்காது, உங்களுக்கும் வெறுமையாக இருக்கும். பத்து நிமிடப் பதில் சாப்பாட்டு மேஜைக்கு. முழுக் கதை ஒரே ஒருவருக்கு, அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடித்து அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவரும் எங்காவது நீண்ட காலம் இருந்துவிட்டு வந்தவராக இருப்பார். படங்கள் நாற்பதுக்கு மேல் காட்டாதீர்கள். சிங்கம் மூன்று போதும்.

இப்படி ஆவது உங்களுக்கு மட்டும் இல்லை. வெளிநாட்டுக்குப் போனவர்களின் மனநிலை மேலே போய், கீழே விழுந்து, மறுபடி ஏறும் என்று 1955-இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர் எழுதினார். வீடு திரும்பும்போது அதே குழி இன்னொரு முறை வருகிறது என்று 1963-இல் கல்லஹார்ன் தம்பதியர் அதை நீட்டினார்கள். முதல் குழிக்கு எல்லோரும் தயாராகப் போகிறோம். இரண்டாவது குழி சொந்த வீட்டு வாசலில் இருப்பதால் கால் இடறுகிறது.

நீங்கள் மற்றவர்களுக்குத் தாங்க முடியாத ஆளாகப் போகிற காலமும் இதுதான். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் பாடம், மின்சாரம் போனால் பாடம், யாராவது தாமதம் என்று முணுமுணுத்தால் "அங்கே எல்லாம் மக்கள் எதற்கும் குறையே சொல்ல மாட்டார்கள்" என்று ஒரு பாடம். அது பொய் வேறு. நைரோபிக்காரர்கள் டிராஃபிக்கைத் திட்டுவதுபோல் நான் எங்கேயும் கேட்டதில்லை. "ஏழைகள், ஆனால் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்ற வாக்கியம் வாய் வரை வந்தால் விழுங்கிவிடுங்கள், இரண்டு நாள் பழகியவரின் சந்தோஷத்தை நாம் எங்கே அளந்தோம்?

நேரம் இன்னொரு தொல்லை. சுவாஹிலிக் கணக்கில் மணி விடியலிலிருந்து தொடங்குகிறது, நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. காலை ஏழு மணிக்கு அவர்கள் சா மோஜா, அதாவது ஒரு மணி என்பார்கள். எத்தியோப்பியாவிலும் இப்படித்தான். ஆனால் எனக்குச் சிக்கல் தந்தது கடிகாரம் இல்லை, காத்திருக்கும் பழக்கம். மடாட்டுவோ டாலா டாலாவோ (அங்கே ஓடும் மினி பஸ்கள்) ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், அது வரை பேசிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு நிமிடக் கணக்கில் ஓடுகிற நாளுக்குள் நுழைய எனக்கு மூச்சு முட்டியது. முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு ஒரு வெளி வேலைக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். திங்கட்கிழமை இறங்கி செவ்வாய்க்கிழமை அலுவலகம் போகிற மாதிரி டிக்கெட் போடுவது வீரம் இல்லை.

அலமாரியும் கணக்கு வழக்கும்

மூன்று சட்டையில் ஏழு மாதம் இருந்தவருக்குத் தன் அலமாரியைத் திறந்ததும் குமட்டும். எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடத் தோன்றும். முதல் மாதம் எதையும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், அப்புறம் அதையே காசு போட்டு வாங்கினேன். பணக்கார நாடுகளில் தானமாகப் போடும் துணியில் பெரும் பங்கு மூட்டை மூட்டையாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து மிடும்பா என்ற பெயரில் விலைக்குப் போகிறது. மலை ஏறுவதற்காக நைரோபியின் கிகோம்பா சந்தையில் நான் பேரம் பேசி வாங்கிய கம்பளிச் சட்டையும் அப்படி வந்ததுதான்.

வங்கிக் கணக்கையும் அட்டைக் கணக்கையும் இந்த மூன்று மாதமும் வாரம் ஒரு முறை பாருங்கள், பயணத்தில் எங்கேயோ திருடப்பட்ட அட்டை விவரத்தை நிதானமாகப் பிறகு பயன்படுத்துவார்கள். காப்பீட்டுத் தொகை கேட்பதற்குக் கெடு உண்டு, பையைப் பிரிக்கும் முன் அதைப் பாருங்கள். எத்தியோப்பியாவில் வாங்கிய மருத்துவ ரசீது இருந்தால் தேதியைக் கவனியுங்கள். அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால், மாதம் பதின்மூன்று. என் ரசீதில் 2015 என்று இருந்தது, நான் அங்கே இருந்ததோ 2023-இல். எட்டு வருடப் பழைய பில்லை ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்தில் ஆங்கிலத் தேதியையும் ஒரு வரி விளக்கத்தையும் எழுதி அனுப்பிய பிறகுதான் வேலை நடந்தது.

சொன்ன சொல்

எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். போகிற வழியெல்லாம் "போட்டோ அனுப்புகிறேன்" என்று சொல்லியிருப்பீர்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் அனுப்புங்கள், அதற்கு மேல் போனால் அனுப்பவே மாட்டீர்கள். வாட்ஸாப் உள்ளவர்களுக்கு அன்றைக்கே போகட்டும். வயதானவர்களுக்கு அச்சடித்த படம்தான் படம். கென்யா, தான்சானியா போன்ற நாடுகளில் வீட்டு வாசலுக்குத் தபால் வருவது அபூர்வம், தபால் பெட்டி எண்ணுக்குத்தான் போகும். அந்த எண் பக்கத்துப் பள்ளிக்கூடத்துடையதாகவோ தேவாலயத்துடையதாகவோ இருக்கும், கிளம்பும் முன் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.

பணம் கேட்டும் செய்தி வரும். பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, போடா போடா (வாடகை பைக்) ரிப்பேர். சிலது நிஜம், சிலது இல்லை, தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. நான் வைத்துக்கொண்ட விதி, வருடத்துக்கு ஒரு தொகையை முன்பே ஒதுக்கிவிடுவது, அது தீர்ந்தால் தீர்ந்தது என்று நேராகச் சொல்வது, பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளியின் கணக்குக்கே கட்டுவது. எம்-பெசா என்ற போன் வழிப் பணச் சேவை 2007-இல் வந்ததிலிருந்து பணம் அனுப்புவது கென்யாவில் நிமிட வேலையாகிவிட்டது, அதனால் அவசரப்பட்டு அனுப்புவதும் சுலபம். மாதா மாதம் தருகிறேன் என்று முதல் மாத உணர்ச்சியில் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆறாவது மாதம் நீங்கள் நிறுத்தினால் நடுவில் நிற்பது ஒரு குழந்தையின் படிப்பு.

சுவாஹிலி கொஞ்சம் பிடிபட்டிருந்தால் அதைச் சாக விடாதீர்கள். பிபிசியும் டாய்ச்ச வெல்லேயும் சுவாஹிலியில் செய்தி தருகின்றன, காலையில் பத்து நிமிடம் கேட்டால் போதும். எனக்கு முழுதாகப் புரிவதில்லை, இருந்தாலும் அந்தக் குரல் கேட்டால் அன்றைக்கு வேலை ஓடும்.

கடைசியாக, அடுத்த டிக்கெட். ஆறாவது வாரத்தில், எல்லோர் மேலும் எரிச்சலாக இருக்கும் ஒரு ராத்திரியில், திரும்பப் போய்விடலாம் என்று விரல் தானாக விமானத் தளங்களைத் தேடும். பில்ஹார்சியாப் பரிசோதனை முடிவு வரும் வரையாவது எதையும் வாங்காதீர்கள். நான் தார் எஸ் சலாமுக்கு வாங்கினேன், மூன்றாம் மாதக் கடைசியில் ரத்து செய்தேன், பாதிப் பணம் போனது.